ஜன்னலை மறைத்த ஆள்

தையல்காரிக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. அவர் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவர் காலமாகியே பல காலம் ஆகியிருக்கும். கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு பழைய புகைப்படத்தில் நிற்கிறார், அவ்வளவுதான். ஆனால் நிற்கிற இடம்தான் வம்பு. ரயிலின் சாப்பாட்டுப் பெட்டிக்கு முன்னால், கதவின் கைப்பிடியை ஒரு கையால் பிடித்தபடி, முதல் ஜன்னலில் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கிறார். அந்த ஜன்னலின் கீழ்ச்சட்டம் நேராக முடிகிறதா, வளைந்து முடிகிறதா என்று தெரிந்துகொள்ள அவள் படாத பாடு பட்டாள். "கொஞ்சம் தள்ளி நின்னா உனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?" என்று அவரைத் திட்டாத நாளே கிடையாது.

கடையின் முன்பக்கம் தையல் மெஷின், வெட்டும் மேஜை, துணி போட்டுப் பார்க்கிற அறை, அதில் ஆள் உயரக் கண்ணாடி. திரைக்குப் பின்னால் இன்னொரு மேஜை. வாடிக்கையாளர்களுக்கு அங்கே வேலை இல்லை. ஒரு காலத்தில் அந்த ஊர் வழியாக ஓடி, பிறகு நின்றுபோன விரைவு ரயிலை, எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி, பெட்டி பெட்டியாக அவள் செய்துகொண்டிருந்தது அந்த மேஜையில்தான். பெட்டியின் சுவருக்கு மெல்லிய பித்தளைத் தகடு. மழுங்கிய ஊசியால் தகட்டின் பின்பக்கம் அழுத்தினால் முன்பக்கம் ஆணித்தலைகள் வரிசையாகப் புடைத்து வரும். கதவுக் கைப்பிடிகள் எல்லாம் குண்டூசித் தலை. சாப்பாட்டு மேஜைகளின் விரிப்பு, யாரோ ஒருவருடைய கோட்டின் உள்துணியில் மிஞ்சிய துண்டு. தைக்கிற கைக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. மாதிரி ரயில் செய்வோர் சங்கத்தில் இவளைவிடச் சுத்தமாக வேலை செய்கிறவர்கள் யாரும் இல்லை என்பது ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். அதை மறைத்துப் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அந்த ரயிலின் மற்றப் பெட்டிகளுக்கு எல்லாம் தொழிற்சாலை வரைபடம் உண்டு. சாப்பாட்டுப் பெட்டிக்கு மட்டும் கிடையாது. அப்படி ஒரே ஒரு பெட்டிதான் கட்டினார்கள், அதன் வரைபடமும் காணாமல் போயிற்று. மிச்சம் இருந்தது அந்தப் புகைப்படம் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு, சக்கரத்தின் அளவிலிருந்து கணக்குப் போட்டு, பூதக்கண்ணாடியும் கையுமாக ஒரு வருடம் உட்கார்ந்து, பெட்டி முழுவதையும் வரைந்து எடுத்தவர் அவளுடைய அண்ணன். இரண்டு தெரு தள்ளிக் கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். இருபது வருடமாக அந்த வரைபடம் சட்டம் போட்டு அவர் கடைச் சுவரில் தொங்குகிறது. அதன் நகல் போகாத சங்கம் இல்லை. அதைப் பார்க்காமல் அந்தப் பெட்டியைச் செய்தவர் யாரும் இல்லை. கடைக்குப் பேட்டரி மாற்ற வருகிறவர்களைக்கூட அண்ணன் சும்மா விடமாட்டார். "இது என்னன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார்.

அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம். முன்பு ஒருமுறை, பெட்டிக்குப் பூசிய பழுப்பு நிறத்தில் சிவப்பு தூக்கலாக இருக்கிறது என்று அவர் சொல்ல, இல்லை என்று அவள் சொல்ல, ஒரு வருடம் பேச்சு நின்றது. ஒரு டப்பா சாயத்துக்காக! நடுவில் அண்ணிதான் தூது போய்க் கால் தேய்ந்தாள். அந்த வருடம் அவளுக்கு எந்தப் பெட்டியின் வேலையும் ஓடவில்லை. எதைச் செய்தாலும் காட்ட ஆள் இல்லை. குறை சொல்ல அந்த வாய் இல்லை. கடைசியில் ஒருநாள் பட்டன் அறுந்த சட்டையோடு அண்ணன் அவள் கடை வாசலில் வந்து நின்றார். பட்டனை அவரே கத்திரியால் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது நூல் முனையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் தைத்துக் கொடுத்தாள்.

இப்போது எல்லாம் கூடி வந்திருந்தது. பழைய ரயில் நிலையத்தைக் காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை திறப்பு. கூடத்தின் நடுவில் நீளமான கண்ணாடிப் பேழை, அதில் அவள் செய்த ரயில். பக்கத்துச் சுவரில் அண்ணனின் வரைபடம். ரயிலை வைத்ததும் கண்ணாடியை ஒட்டி மூடிவிடுவார்கள், பிறகு திறக்கமாட்டார்கள் என்று பொறுப்பாளர் அம்மாள் முன்பே சொல்லியிருந்தாள். சாப்பாட்டுப் பெட்டியும் முடிந்துவிட்டது. ஆட்களை நிறுத்துவது ஒன்றுதான் பாக்கி.

புதன்கிழமை மதியம். விரல் நுனியில் நிற்கிற உயரத்துக்கு ஒரு பொம்மையை எடுத்து, அந்தக் கோட்டு ஆளாக்கத் தொடங்கினாள். எவ்வளவு திட்டினாலும் அவர் இல்லாமல் அந்தப் பெட்டி முழுமையாகாது. கோட்டுக்குக் கறுப்பு பூசினாள். மார்புப் பையில் எட்டிப் பார்க்கிற கைக்குட்டைக்கு, ஒற்றை மயிர்த் தூரிகையால் ஒரு வெள்ளைப் புள்ளி. வைத்துவிட்டு, சரியா என்று படத்தைப் பார்த்தாள்.

சரியில்லை. அவள் கை தன்பாட்டுக்குப் புள்ளியை இடப்பக்க மார்பில் வைத்திருந்தது. படத்தில் கைக்குட்டை வலப்பக்கம்.

"இது எந்த ஊரு கோட்டு?" என்று சொல்லிக்கொண்டே பூதக்கண்ணாடியை எடுத்தாள். ஆண்கள் கோட்டில் இடது மடிப்பு மேலே வந்து வலதை மூடும். அவள் வெட்டிய கோட்டுகள் எல்லாம் அப்படித்தான். இந்த ஆளுக்கு வலது மடிப்பு மேலே இருந்தது. சரி, ஒரு கிறுக்குத் தையல்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். படிக்கட்டில் இரண்டு பரிமாறுகிறவர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கும் அப்படியே. மூன்று பேருக்கும் ஒரே கிறுக்கன் தைத்திருப்பானா?

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோட்டில் தப்பில்லை. படம் இடம் வலமாக மாறியிருந்தது. அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் படம் எடுப்பார்கள். தாளில் அச்செடுக்கும்போது யாரோ தகட்டைப் புரட்டி வைத்துவிட்டார்கள். பெட்டியின் பெயர்ப்பலகையில் வெயில் பட்டு வெள்ளையாகிப் போனதால், காட்டிக்கொடுக்க ஓர் எழுத்துகூட இல்லை.

பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்பக்கம் வந்து, ஆள் உயரக் கண்ணாடிக்கு எதிரே பிடித்தாள். வாடிக்கையாளர்கள் தங்களைப் பார்த்துக்கொள்கிற அந்தக் கண்ணாடியில், இடது ஓரத்தில் இருந்த கதவு வலது ஓரத்துக்குப் போயிற்று. சமையலறைக் காற்றுத்துளைகள் இடது கோடிக்கு வந்தன. உண்மையான சாப்பாட்டுப் பெட்டியை அவள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. நாள் முழுக்க ஆட்களின் கோட்டையும் சட்டையையும் பார்த்துப் பிழைக்கிறவள், திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்ததும் ஆளையே பார்க்காமல் ஆணித்தலையை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்!

மதியச் சாப்பாட்டுக்கு வந்த கணவர் பேருந்து ஓட்டுநர். விஷயத்தைக் கேட்டதும் கை கழுவிக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இதுக்கா இவ்வளவு? பெட்டியை அந்தப் பக்கமா திருப்பி வச்சிட்டா போச்சு."

"திருப்பி வச்சா கதவு இருக்கிற பக்கமே பின்னாடி போயிடும்ங்க."

"போனா?"

அவள் வெட்டும் மேஜையில் இருந்த ஒரு சட்டைக்கையை எடுத்து அவர் இடது தோளில் வைத்துக் காட்டினாள். "இது வலது கைக்கு வெட்டினது. மேல கீழ திருப்புங்க, முன்ன பின்ன திருப்புங்க. இடது கைக்கு உக்காருமா?"

அவர் திருப்பிப் பார்த்தார். உட்காரவில்லை. தோள்பட்டையில் துருத்திக்கொண்டு நின்றது.

"சரி, உக்காராது. ஆனா யாரு கண்டுபிடிக்கப் போறாங்க? இருபது வருஷமா உங்க அண்ணனே கண்டுபிடிக்கல."

"அதுதான் இப்ப என் தலைவலியே," என்றாள்.

அதுதான் உண்மை. பெட்டியைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. கூரை இருக்கிறது, சக்கரங்கள் இருக்கின்றன, உள்ளே மேஜை நாற்காலி இருக்கின்றன. பக்கச் சுவர்களையும் உள்தடுப்புகளையும் புதிதாக வெட்டினால் தீர்ந்தது. அவளால் முடியும். ஆனால் அண்ணனிடம் எப்படிச் சொல்வது? ஒரு பழுப்பு நிறத்துக்கு ஒரு வருடம் என்றால், இந்த வரைபடத்துக்கு எத்தனை வருடம்? இருவருக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இன்னொரு தடவை அண்ணனை இழக்க அவளுக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறார். அந்தச் சட்டையைத் தைத்தவளும் அவள்தான்.

சாப்பாட்டை மூடி வைத்தாள். படத்தையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அண்ணன் கடையில் முன்னால் உட்கார்ந்து கடிகார வார்ப்பட்டை விற்பது அண்ணியின் பொறுப்பு. அவளிடம் காதும் காதும் வைத்தாற்போல் விஷயத்தைச் சொன்னதும், அண்ணி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, நல்லா போயிட்டிருக்கிற நேரத்துல குண்டைத் தூக்கிப் போடறியே. ஞாயித்துக்கிழமை முடியட்டும். அப்புறமா பக்குவமா சொல்லிக்கலாம்."

"அப்புறம் கண்ணாடியை ஒட்டிடுவாங்க அண்ணி. தப்பு உள்ளேயே கிடக்கும்."

"கிடக்கட்டுமே! போன தடவை நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். இன்னொரு தடவை தூது போக என் முட்டி ஒத்துக்காது."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அங்க என்ன குசுகுசுன்னு? பாப்பா வந்திருக்காளா?"

அவளை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான். படத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போனாள். சுற்றுச் சுவரெல்லாம் கடிகாரங்கள், நடுவில் அந்த வரைபடம், அதன் கீழே அண்ணன், ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

"அண்ணா, படம் இடம் வலமா மாறியிருக்கு. நம்ம பெட்டி தப்பு."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "யாரு சொன்னது?"

"கோட்டு சொல்லுது." படத்தை விரித்து மடிப்பையும் கைக்குட்டையையும் காட்டினாள்.

"ஒருத்தன் கோட்டை மாத்தித் தச்சுட்டான்னு இருபது வருஷ வேலையைத் தூக்கிக் குப்பையில போடணுமா?"

"மூணு பேருக்கும் மாத்தியா தைப்பான்?"

"ரயில்வேயில அப்படி ஒரு சீருடை இருந்திருக்கும். உனக்கு எல்லாம் தெரியுமா?" குரல் ஏறிவிட்டது. முன்பக்கம் பேட்டரி மாற்ற வந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். அண்ணி அவரை அவசரமாக வேறு பக்கம் திருப்பினாள். "உன் பழுப்பு நிறத்தையே நான் மன்னிச்சேன் பாப்பா. இதோட விட்டுடு."

மன்னித்தாராம்! பட்டனை வெட்டிக்கொண்டு வந்தது யார்? வாய் வரைக்கும் வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். சண்டையில் ஜெயிக்க அவள் வரவில்லை. பூதக்கண்ணாடியை ஒதுக்கிவிட்டு, அவருடைய உருப்பெருக்கியையே எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"எனக்குக் கோட்டுதான் தெரியும், சரி. அந்த ஆளு கைப்பிடியைப் பிடிச்சிருக்கிற கையைப் பாரு. மணிக்கட்டுல வாட்ச் இருக்கு. அதுல எனக்கு ஒண்ணும் புரியல. உன் தொழில்தானே, நீ பாரு. நீ சரின்னு சொன்னா நான் வாயைத் திறக்கல."

அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே குனிந்தார். உடனே நிமிர்ந்தார், வெற்றியோடு.

"வலது கையில கட்டியிருக்கான். இடதுகைக்காரன்! இடதுகைக்காரங்க அப்படித்தான் கட்டுவாங்க. போதுமா?"

"நல்லா பாரு."

"பாத்துட்டேன்னு..." என்று தொடங்கியவர், மறுபடி குனிந்தார். இந்தத் தடவை நிமிரவில்லை. கண்ணாடித் தகட்டில் எடுத்த படங்களில் தலைமயிர்கூடத் தெளிவாக விழும். அந்தச் சின்னக் கைக்கடிகாரத்தின் ஓரத்தில், சாவி கொடுக்கிற திருகு ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அண்ணன் மெதுவாகத் தன் கடிகாரத்தை இடது கையிலிருந்து அவிழ்த்து, வலது கையில் கட்டிக்கொண்டார். கையை மடக்கிப் பார்த்தார். திருகு முழங்கைப் பக்கம் இருந்தது. படத்தில் விரல்கள் பக்கம் இருந்தது. மறுபடி அவிழ்த்து இடது கையில் கட்டினார். இப்போது திருகு விரல்கள் பக்கம் வந்தது.

இடதுகைக்காரனாக இருந்தாலும் திருகு இடம் மாறாது. அது இடது கைதான். தாளில்தான் வலது கையாகத் தெரிகிறது.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. வாழ்நாளெல்லாம் கைக்கடிகாரத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத மனிதர், ஒரு வருடம் இந்தப் படத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தும், அதில் ஒரு கடிகாரம் இருப்பதையே கவனிக்கவில்லை. அவர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரியும். அன்று மதியம் அவளும் அதையேதான் நினைத்தாள்.

"நானும்தான் அண்ணா பாக்கல. கோட்டு அவ்வளவு பெருசா இருந்துச்சு. அவரு ஜன்னலை மறைக்கிறாருன்னு திட்டிட்டே இருந்தேன்."

அவர் உருப்பெருக்கியை மேஜையில் வைத்தார். எழுந்தார். வெளியே போ என்று சொல்லப் போகிறார் என்று நினைத்து அவள் படத்தைச் சுருட்டத் தொடங்கினாள். வாசலில் அண்ணி முட்டியைத் தடவிக்கொண்டு நின்றாள்.

அண்ணன் ஸ்டூலில் ஏறினார். வரைபடத்தைச் சுவரிலிருந்து இறக்கினார். பின்பக்க ஆணிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அட்டையை நீக்கி, தாளை வெளியே எடுத்தார். படத்தின் மேல் வைத்து நகல் எடுக்கிற, ஒளி ஊடுருவுகிற தாள் அது. அதை அப்படியே புரட்டி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

கதவு வலது ஓரத்தில் இருந்தது. காற்றுத்துளைகள் இடது கோடியில் இருந்தன. ஒவ்வொரு ஆணித்தலையும், ஒவ்வொரு சட்டமும் அதனதன் இடத்தில் சரியாக இருந்தன. எழுத்துகள் மட்டும் பின்பக்கமாகத் திரும்பி நின்றன.

அவர் கோடுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். பிறகு, "என் கோட்டுல தப்பில்ல," என்றார்.

"தப்புன்னு நான் எப்ப சொன்னேன்?"

"எழுத்துதான் என்னைப் பாத்து முழிக்குது."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அண்ணி உள்ளே வந்து ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆனா உன் பெட்டியை இப்படித் திருப்ப முடியாதே பாப்பா," என்றார் அண்ணன்.

"முடியாது. புதுசா வெட்டணும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ளயா?"

"கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து, சட்டை இறுக்குதுன்னு நிக்கிற மாப்பிள்ளைக்கெல்லாம் தச்சுக் கொடுத்தவ நான். ரயில் பெட்டி என்ன, மூச்சு விட்டா வயிறு பெருக்கவா போகுது?"

மறுநாள் காலை கடிகாரக் கடை திறக்கவில்லை. அண்ணன் தன் நுண்ணிய இடுக்கிகளையும் ஊசிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தையல் கடைக்கு வந்து, திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அவள் வேலையைக் குறை சொல்லியிருக்கிறாரே தவிர, அதில் கை வைத்ததில்லை. அவள் தகடு வெட்டினாள். அவர் ஆணித்தலைகளை அழுத்தினார். ஒரே சீராக, ஒன்றுகூடப் பிசகாமல். அவளால்கூட அவ்வளவு சீராக அழுத்த முடியாது என்று ஒப்புக்கொண்டாள், மனதுக்குள் மட்டும். கணவர் ஒவ்வொரு மதியமும் வந்து, "இப்ப எந்தப் பக்கம் திரும்பியிருக்கு?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். சனிக்கிழமை சாயம் பூசும்போது பழைய பேச்சு வரத்தான் செய்தது.

"சிவப்பு தூக்கல்," என்றார் அண்ணன்.

"இல்ல," என்றாள் அவள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரி, இல்ல," என்று அவர் தூரிகையை வாங்கிக்கொண்டார்.

பெட்டி முடிந்தது. ஜன்னலின் கீழ்ச்சட்டம் நேரா வளைவா என்பது மட்டும் கடைசி வரை தெரியவில்லை. அவள் தன் இஷ்டத்துக்கு ஒன்றைச் செய்துவிட்டு, கோட்டுப் பொம்மையை எடுத்து, படத்தில் நின்ற அதே இடத்தில், அந்த ஜன்னலை மறைத்தாற்போல் ஒட்டினாள். இத்தனை நாள் மறைத்தார் அல்லவா, இனிமேலும் அவரே மறைத்துக்கொள்ளட்டும். இடது மணிக்கட்டில் அண்ணன் ஏதோ ஒரு புள்ளி வைத்தார். வெறும் கண்ணுக்குத் தெரியாது. தெரிகிறது என்று அவர் அடித்துச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காட்சியகத்தில் நல்ல கூட்டம். பேழையில் ரயில் நின்றது, கண்ணாடியை ஒட்டிவிட்டார்கள். மூன்று சங்கங்களிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லாரும் அந்த வரைபடத்தை வைத்துப் பெட்டி செய்தவர்கள். பேழையில் கதவு வலது ஓரத்தில் இருப்பதைப் பார்த்ததும் அவர்களுக்குள் சலசலப்பு. ஒருவர் சத்தமாகவே, "இந்த அம்மா மாத்திச் செஞ்சிருக்காங்க," என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள், புதுச் சட்டை போட்ட அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மாத்திச் செஞ்சது அவ இல்ல, நீங்க எல்லாரும். என்னால. வீட்டுக்குப் போய் அவங்கவங்க பெட்டியைப் பிரிங்க," என்றார். அவர் அதைச் சொன்ன தோரணையில், என்னவோ அவர்களுக்குப் பரிசு கொடுக்கிற மாதிரி இருந்தது.

அவர் கைகாட்டிய பக்கம் எல்லாரும் திரும்பினார்கள். சுவரில் வரைபடம், புரட்டிப் போட்டபடி, புதுச் சட்டத்துக்குள் இருந்தது. பழைய எழுத்துகளைச் சுரண்டினால் தாள் கிழிந்துவிடும் என்று அவர் அவற்றை அப்படியே விட்டிருந்தார். திரும்பி நின்ற ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அதே சொல்லை நேராக எழுதியிருந்தார். அவளுக்கு அது தெரியும். சட்டம் போடும்வரை கீழ் மூலையை மட்டும் அவர் கையால் மறைத்துக்கொண்டே இருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "உன் வேலையைப் பாரு," என்றார்.

இப்போது கிட்டப் போய்ப் பார்த்தாள். 'வரைந்தவர்' என்ற இடத்தில் இருபது வருடமாக அவர் பெயர் ஒன்றுதான் இருந்தது. அதற்குக் கீழே, மை இன்னும் பளபளப்பாக, ஒரு வரி சேர்ந்திருந்தது.

'திருப்பிப் போட்டவள்: என் தங்கை.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு திரும்பி, சங்கத்துக்காரர்களிடம் கைக்கடிகாரத்தை இரண்டு கையிலும் மாற்றி மாற்றிக் கட்டிக் காட்டிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தாள். அவருடைய புதுச் சட்டையில் இரண்டாவது பட்டன் இல்லை. அவள் கைப்பையில் ஊசியும் நூலும் எப்போதும் உண்டு.